10 நிமிசத்துக்கு 2 நிமிசம்: நாங்க பாவிக்கிற, சைனால செஞ்ச செஸ் கிளாக், குடுத்த சல்லிக்கு சரியா?

செஸ் கிளாக்னா ஆடுற ரெண்டு பேருக்கும் தனித்தனியா டைம் ஓடுற மணிக்கூடு, பொதுவா டைம் முடிஞ்சவரு தோத்தாரு. அவசரத்துல இருக்கவங்களுக்கு முடிவ மொதல்லயே சொல்லிர்றேன். நீங்களும் ஒங்க கூட ஆடுறவரும் ஏறக்கொறைய ஒரே தரம்னா இந்த கிளாக் வாங்காதீங்க, போன்ல ஃப்ரீயா ஒரு கிளாக் ஆப் எறக்குனா போதும். ஆனா ஒங்க இடத்துல ஒருத்தர் மட்டும் பயங்கரமா ஆடுவாரு, மத்தவங்கல்லாம் அவருகிட்ட வரிசையா தோத்துட்டு எந்திரிச்சு போறாங்கன்னா, இந்த டப்பா கொறையோட இருந்தாலும் வாங்கலாம். ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பிளேன்டீ ஒண்ண ஊத்திட்டு வந்து ஒக்காருங்க.

எங்க எடம் இலங்கை மலையகத்துல, ஹட்டன் டவுன்ல ஒரு சலூனுக்கு பின்னால உள்ள ரூம். ஞாயித்துக்கெழம பின்னேரம் முடி வெட்ட கூட்டம் கொறைஞ்சதும் போர்டு விரிச்சிருவாங்க. வர்றவங்கள பாத்தா கணக்கு படிப்பிச்சு பென்சன் எடுத்த ஒரு சேர், ரெண்டு மூணு ஆட்டோ ஓட்டுறவங்க, ஒரு யூனியன் ஆபிஸ்ல வேல செய்யிற அண்ணன், அப்பறம் டிக்கோயா பக்கம், நோர்வுட் பக்கம் தோட்டங்கள்ல இருந்து டியூசனுக்கு வந்துட்டு அப்படியே இங்க எட்டிப் பாக்குற பசங்க. இதுல சேர் ஆடுறது ஒரு லெவல், மத்தவங்க ஆடுறது வேற லெவல். அவருகூட ஒக்காந்தா இருவது மூவுக்குள்ள நம்ம ராணி எங்கயாவது மாட்டிக்கிட்டு முழிக்கும்.

இந்த மாதிரி ஏத்தத்தாழ்வு எவ்வளவு கொடுமைன்னு கணக்காவே சொல்லலாம். ஹங்கேரில பொறந்து அமெரிக்காவுல பிசிக்ஸ் படிப்பிச்ச ஆர்பாட் ஈலோதான் ஆடுறவங்க பெலத்த நம்பர்ல சொல்ற ரேட்டிங் முறைய உண்டாக்குனவரு, உலக செஸ் சம்மேளனம் பிடே 1970ல அத எடுத்துக்கிச்சு. அந்தக் கணக்குப்படி ரெண்டு பேருக்கு இடையில ரேட்டிங்ல 200 வித்தியாசம்னா பெலமானவரு நாலு கேமுக்கு மூணு பாயிண்ட் எடுப்பாரு (ஜெயிச்சா 1 பாயிண்ட், டிரா ஆனா அரை). 400 ஆனா, 11 கேம் ஆடுனா பெலவீனமானவருக்கு மொத்தமா 1 பாயிண்ட்தான் கெடைக்கும். எங்க ஆளுங்க யாருக்கும் பிடே ரேட்டிங் கிடையாது, ஆனா போன்ல செஸ் ஆடுற ஆப்ல சேருக்கும் பசங்களுக்கும் உள்ள வித்தியாசம் 500க்கு மேல காட்டுது. 500ன்னா ஏறக்கொறைய 19 கேமுக்கு 1 பாயிண்ட். பதினெட்டு வாட்டி தோக்குறதுக்கு எந்தப் பையன் மழையில நனைஞ்சுகிட்டு பஸ் ஏறி வருவான் சொல்லுங்க. சேரும் பாவம், அவருக்கு கொட்டாவி வந்துரும், பாதி கேமுல பேப்பர் வாசிக்க ஆரம்பிச்சிருவாரு.

இதுக்கு பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கு, பெலமானவரு காய குறைச்சுகிட்டு ஆடுறது. பத்தொம்பதாம் நூற்றாண்டுல இது சர்வ சாதாரணம், அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி எல்லாம் குதிரைய எடுத்து வச்சிட்டு ஆடி ஜெயிச்சிருக்காரு. 2001ல கூட, உலக சாம்பியனா இருந்த காஸ்பரோவ் ரெண்டு பான் (சிப்பாய்) குறைச்சு டெரன்ஸ் சாப்மன்னு ஒரு இங்கிலாந்துக்காரரோட நாலு கேம் ஆடி 2.5க்கு 1.5ன்னு ஜெயிச்சாரு. நாங்களும் அத செஞ்சு பாத்தோம், ஒத்து வரல. சேர் ராணிய எடுத்து பாக்கெட்டுக்குள்ள போட்டுகிட்டு ஆடுனா, அதப் பாத்த ஒடனயே எதிர்ல இருக்கவனுக்கு மொகம் சுருங்கிருது. ஜெயிச்சாலும் "ராணி இல்லாத ஆளத்தானே ஜெயிச்ச"ன்னு கிண்டல், தோத்தா அதவிட கேவலம். இன்னொன்னு, அது உண்மையான செஸ்ஸே இல்ல. ஆரம்பத்துலயே போர்டு கோணலா இருக்கு, அதுல படிக்கிற ஓப்பனிங் (ஆரம்ப மூவு வரிசை) ஸ்கூல் மெட்ச்ல ஒண்ணுக்கும் ஒதவாது.

அதான் டைம் பக்கம் போனோம். காய் ரெண்டு பக்கமும் முழுசா இருக்கும், சேருக்கு 2 நிமிசம், பையனுக்கு 10 நிமிசம். இதுக்கு ரெண்டு பக்கமும் வேற வேற டைம் வைக்கக்கூடிய கிளாக் வேணும், அதத் தேடித்தான் இத வாங்குனோம்.

பேரு போடாத சைனா அயிட்டம். ஒன்லைன்ல கொழும்பு செல்லர் ஒருத்தர்கிட்ட, எல்லாருமா சல்லி சேத்து 6,000 ரூபாய்க்கு கிட்ட. கூரியர்காரங்க தோட்டத்துப் பக்கம் வரவே மாட்டாங்கனு தெரிஞ்சுதான் சலூன் அட்ரஸ் குடுத்தோம், அப்படியும் டவுனுக்கு வந்துட்டு "கடைய கண்டுபிடிக்க ஏலாது, நீங்களே வந்து எடுங்க"னு போன் பண்ணாங்க. மெயின் ரோட்ல இருக்க சலூன். சரி, அது கூரியர் கத, கிளாக்குக்கு அதுக்காக மார்க் குறைக்க ஏலாது.

பொட்டிக்குள்ள கிளாக் ஒண்ணு, ஒரு துண்டு பேப்பர் மெனுவல், அவ்வளவுதான். ரிமோட்டுக்கு போடுற சின்ன பெட்டரி ஒண்ணுல ஓடுது, பெட்டரி நாமதான் வாங்கிப் போடணும். நல்லா தாக்குப் பிடிக்குது, அதுல கொற சொல்ல ஒண்ணுமில்ல. மழைக் காலத்துல எங்க பக்கம் கரண்ட் போறது ஒங்களுக்கே தெரியும், அப்பவும் கிளாக் பாட்டுக்கு ஓடிகிட்டுதான் இருக்கும். ஆனா டிஸ்பிளேக்கு லைட் இல்ல, பின்னேரம் அஞ்சரைக்கு பனி எறங்கி ரூம் இருட்டாயிருச்சுன்னா நம்பர் தெரியாது. ஒருத்தன் போன் டோர்ச்ச அடிச்சுகிட்டு பக்கத்துல நிப்பான், அவனே இடையில வாயத் தொறந்து மூவும் சொல்லிக் குடுப்பான், அது தனிச் சண்ட.

செட் பண்றதுதான் தலவலி. ரெடியா உள்ள மோட் எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே டைம்தான், அஞ்சுக்கு அஞ்சு, பத்துக்கு பத்து, இப்படி. நமக்கு வேண்டிய 10க்கு 2 வேணும்னா மெனுவல் மோட்ல போய் மணி, நிமிசம், செகண்டுன்னு ஒவ்வொன்னா, மொதல்ல இடது பக்கம், அப்பறம் வலது பக்கம் ஏத்தணும். நம்பர் மேல மட்டும்தான் ஏறும், கீழ எறங்காது. 2 வைக்கப் போய் விரல் ஒரு தடவ கூட அமுத்திருச்சுன்னா, 3ல இருந்து 59 வரைக்கும் போய் சுத்தி வரணும். அதையும் செஞ்சு முடிச்சு, கேம் ஆடி முடிச்சு, ஒஃப் பண்ணிட்டோம்னா எல்லாம் மறந்துரும். அதனால நாங்க ஒஃப் பண்றதே இல்ல, கேம் முடிஞ்சதும் ரீசெட் மட்டும்தான், அப்ப கடைசியா வச்ச டைம் அப்படியே வருது. அந்த மெனுவல் பேப்பர்ல இந்த விசயம் ஒரு எழுத்து கூட இல்ல, ஒரு ஆட்டோ அண்ணன்தான் நோண்டி கண்டுபிடிச்சாரு.

இப்ப நல்ல பக்கம். இது வந்த பெறகு நடந்த ஒரு கேம பத்தி எழுதாம இந்த ரிவ்யூ முழுசாகாது.

டிக்கோயா பையன் ஒருத்தன், ஓ எல் சோதனை எடுக்கப் போற வயசு. அவனுக்கு 10, சேருக்கு 2. பையன் வெள்ள, இத்தாலியன் ஓப்பனிங் ஆடுனான், சேர் அதையெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கவரு, மொத பத்துப் பன்னெண்டு மூவ கை எடுக்காம டக் டக்னு வச்சாரு, அவரு டைம்ல பத்து பதினஞ்சு செகண்டுதான் போயிருக்கும். பக்கத்துல நின்னு பாத்த எனக்கு அப்பதான் ஒண்ணு தெரிஞ்சுது. பையன் கையும் அதே வேகத்துல ஓடுது! அவன்கிட்ட 10 நிமிசம் இருக்கு, ஆனா எதிர்ல இருக்கவரு வேகமா ஆடுறதப் பாத்து இவனும் வேகமா ஆடுறான். கடைசில சேரோட குதிரை வந்து பையனோட ராஜாவையும் ராணியையும் ஒண்ணா புடிச்சுது, பையன் தோத்துட்டான். கிளாக்கப் பாத்தா சேர் பக்கம் 0:48, பையன் பக்கம் 8:20.

சேர் காய அடுக்கிக்கிட்டே கேட்டாரு, "மகன், இந்த எட்டு நிமிசத்த வீட்டுக்கா கொண்டு போகப் போற?"

ரூமே சிரிச்சுது, பையனும் சிரிச்சுட்டான். ஆனா அடுத்த கேம் வேற மாதிரி ஆடுனான். ரெண்டு கையையும் தொடைக்கு கீழ வச்சு ஒக்காந்துகிட்டான், கை தானா போயிரக் கூடாதுன்னு. சேர் எவ்வளவு வேகமா வச்சாலும் இவன் அவன் பாட்டுக்கு முழுசா போர்ட பாத்துட்டுத்தான் வைக்கிறான். நடுவுல சேருக்கு ஒரு எடத்துல யோசிக்க வேண்டி வந்துச்சு, ஒரே மூவுக்கு முப்பது செகண்டுக்கு மேல போச்சு, அங்கதான் ஆட்டம் மாறுச்சு. கடைசில சேர்கிட்ட ஒரு பிஷப், ஓரத்துல ஒரு பான். பையன்கிட்ட ஒரே ஒரு பான். சேர் சாவகாசமா ஆடுனா அவருக்குத்தான் வெற்றி, சந்தேகமே இல்ல. ஆனா கிளாக்ல அவருக்கு இருக்கது நாலு செகண்ட். அந்த ஓரத்துப் பான கடைசி கட்டத்துக்கு கொண்டு போய் ராணியாக்கி மேட் பண்ண (ராஜாவ தப்ப வழியில்லாம மடக்க) நாலு செகண்ட் எங்க பத்தும்.

அப்ப சேர் செஞ்சது எங்க யாருக்கும் வெளங்கல. பிஷப்ப கொண்டு போய் பையனோட கடைசி பான வெட்டுனாரு. பையன் ராஜாவால பிஷப்ப எடுத்தான், எடுத்தப்ப அவன் மொகத்த பாக்கணுமே, சேர் பிஷப்ப சும்மா வுட்டுட்டாருன்னு நெனச்சுட்டான். சேர் ராஜாவ ஒரு கட்டம் நகத்துனாரு, பையன் ஒரு மூவு வச்சு கிளாக்க தட்டுனான், சேர் பக்கம் 0:00, பீப்னு கத்துச்சு. பையன் "டைம்!"னு எந்திரிச்சே நின்னுட்டான். சேர் அமைதியா, "டைம் சரி மகன். ஒங்கிட்ட என்ன காய் இருக்கு?"

ராஜா மட்டும்தான் இருக்கு. பிடே சட்டத்துல, ஒருத்தருக்கு டைம் முடிஞ்சாலும் எதிராளியால எந்த வழியிலயும் மேட் பண்ணவே ஏலாதுன்னா கேம் டிரா. தனி ராஜா யாரையும் மேட் பண்ண ஏலாதே. அந்த பான் இருந்திருந்தா அது ராணியாகலாம், அதனால பையன் ஜெயிச்சிருப்பான். சேர் நாலு செகண்ட்ல அதக் கணக்குப் போட்டு, பிஷப்ப குடுத்து அரைப் பாயிண்ட காப்பாத்திக்கிட்டாரு. யூனியன் அண்ணன் "இது அநியாயம்"னு அரை மணித்தியாலம் கதைச்சாரு, ஒருத்தன் போன்ல சட்டத்த எடுத்துக் காட்டுன பெறகும் கதைச்சாரு. பையன் மட்டும் ஒண்ணும் பேசல, திரும்ப காய அடுக்கி அந்தக் கடைசி எடத்த மட்டும் வச்சுப் பாத்துகிட்டு இருந்தான், பிஷப்ப எடுக்காம வேற என்ன செஞ்சிருக்கலாம்னு. ஒண்ணுமில்லதான், பான் போயிருச்சே. அந்த பான மூணு மூவுக்கு முன்னாலயே நகத்தியிருக்கணும்.

ராணிய பாக்கெட்டுல போட்டுகிட்டு ஆடுனா இப்படி ஒரு கேம் வருமா?

இதுல இருந்து நாங்க உண்டாக்குன ஒரு முறைய சொல்றேன், வேணும்னா எடுத்துக்கங்க. பெலமானவரு ஜெயிச்சா அவருக்கு அடுத்த கேமுல 30 செகண்ட் வெட்டு. தோத்தா அந்த 30 திரும்ப கெடைக்கும். மத்தவருக்கு எப்பவும் 10 நிமிசம்தான். இப்படியே ஆடிக்கிட்டு போனா ஒரு எடத்துல ரெண்டு பேரும் மாறி மாறி ஜெயிக்கிற மாதிரி வந்து நிக்கும், அந்த நம்பர்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள தூரம். சேருக்கும் அந்தப் பையனுக்கும் மொதல்ல 1:30ல நின்னுச்சு, இப்ப 2:30க்கு வந்திருக்கு. சலூன் சுவத்துல கலண்டர் பின்பக்கத்துல எல்லாருடைய நம்பரும் எழுதி ஒட்டியிருக்கு. ரேட்டிங்க விட இது பசங்களுக்கு சுளுவா வெளங்குது, சேர்கிட்ட நிமிசத்த புடுங்குறதுதான் இப்ப அவங்களுக்கு போட்டியே. சேரும் பேப்பர் வாசிக்கிறத நிப்பாட்டிட்டாரு, வாசிக்க டைம் ஏது.

பெரிய போட்டிகள்லயும் இந்த மாதிரி சமமில்லாத டைம் இருக்கு, நாங்க என்னமோ புதுசா கண்டுபிடிச்சோம்னு நெனைக்காதீங்க. ஆர்மகெடன்னு சொல்றது அதுதான், வெள்ளைக்கு 5 நிமிசம், கறுப்புக்கு 4, டிரா ஆனா கறுப்பு ஜெயிச்ச மாதிரி. நோர்வே செஸ் போட்டில 10க்கு 7ன்னு வச்சிருக்காங்க. அங்க ஒரே தரத்து ஆளுங்கள முடிவுக்கு கொண்டு வர டைம மாத்துறாங்க, இங்க வேற வேற தரத்து ஆளுங்கள ஒரே மேசைக்கு கொண்டு வர மாத்துறோம்.

இப்ப இந்த கிளாக்கோட மிகப் பெரிய கொற, வாங்க முன்ன கட்டாயம் கேட்டுக்கங்க. போனஸ் செகண்ட் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணாத்தான் வைக்கலாம், தனித்தனியா ஏலாது. போனஸ்னா ஒவ்வொரு மூவுக்கும் சில செகண்ட் கூடுறது, முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1988ல பேட்டன்டுக்கு போட்டு 1992ல தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கிகூட ஆடுன ரீமெட்ச்ல பாவிச்ச முறை. நல்ல முறைதான், ஆனா சமமில்லாத ஆட்டத்துல இது விசயத்தையே கெடுக்குது. கணக்கு பாருங்க, சேருக்கு 2 நிமிசம், மூவுக்கு 2 செகண்ட் போனஸ்னா, 60 மூவு ஆடுனா இன்னொரு 2 நிமிசம் கெடைச்சிருது, அவரு டைம் டபுளாயிருச்சு. பையனுக்கும் அதே 2 நிமிசம்தான் கூடுது, அது 10க்கு மேல 12, அவ்வளவு பெரிய விசயமில்ல. அஞ்சுக்கு ஒண்ணுன்னு இருந்தது மூணுக்கு ஒண்ணாயிரும். அதுக்கும் மேல, சேர் மாதிரி ஆளுக்கு மூவுக்கு 2 செகண்ட் கெடைச்சா அவரு டைம்ல தோக்கவே மாட்டாரு. எங்களுக்கு வேண்டியது பையனுக்கு மட்டும் 3 செகண்ட் போனஸ், சேருக்கு ஒண்ணுமில்ல. இதுல அது ஏலாததால போனஸே இல்லாம ஆடுறோம், கடைசி பத்து செகண்டுல காய் பறக்குது, ஒரு ரூக் போய் முடி கூட்டி வச்ச மூலையில விழுந்து கெடந்துச்சு.

அடுத்த கொற லீவர். மேல ஒரு தட்டு, இந்தப் பக்கம் அமுத்துனா அந்தப் பக்கம் எழும்புற மாதிரி. இடது பக்கம் மெதுவா அமுத்துனா சில நேரம் புடிக்காது, தட்டு சாஞ்சிருச்சு ஆனா டைம் இன்னும் நம்ம பக்கம்தான் ஓடும். சின்னப் பசங்க பூ மாதிரி அமுத்துவாங்க, அவங்களுக்குத்தான் நட்டம். ஆட்டோ அண்ணன்மாருக்கு அந்த பிரச்சின இல்ல, அவங்க அடிக்கிற அடியில மேசையே ஆடுது, அதுலதான் ஸ்பிரிங் லூசாயிருச்சுன்னு என் சந்தேகம். ஒரு அண்ணன் வலது கையால காய வச்சிட்டு இடது கையால கிளாக்க அடிப்பாரு. காய வச்ச கையாலதான் அமுத்தணும்னு சட்டம், எத்தன தடவ சொன்னாலும் "ஸ்டியரிங் புடிக்கிற பழக்கம் தம்பி"ன்னு சொல்லிருவாரு.

வெயிட் வேற இல்ல, வழுக்கி வழுக்கி போகும். பழைய டியூப் ரப்பர்ல ரெண்டு துண்டு வெட்டி அடியில ஒட்டுனோம், இப்ப அசையுறதில்ல. பீப் சத்தத்த பின்னால உள்ள சுவிட்ச்ல ஒஃப் பண்ணலாம், ஒவ்வொரு அமுத்துக்கும் கத்துறதால நாங்க வந்த அன்னைக்கே ஒஃப் பண்ணிட்டோம், 0:00ல மட்டும் கத்தும், அது போதும். ஆனா ஒருத்தருக்கு டைம் முடிஞ்ச பெறகும் மத்தப் பக்கம் ஓடுறத நிப்பாட்டாது, கவனிக்காம ஆடிகிட்டே இருந்தா ரெண்டு பக்கமும் 0:00 ஆயிரும், அப்ப யாருக்கு மொதல்ல முடிஞ்சுதுன்னு காட்டுறது மூலையில உள்ள ஒரு துக்குணி கொடி அடையாளம் மட்டும்தான். சேருக்கு கண்ணாடி போட்டாலும் அது தெரியாது.

"அண்ணே போன்ல ஆப் இருக்கே, அதுலயும் ரெண்டு பக்கம் வேற வேற டைம் வைக்கலாமே"ன்னு கேப்பீங்க. வைக்கலாம், தனித்தனி போனஸ் வைக்கிற ஆப்பும் இருக்கு, அந்த விசயத்துல ஆப்தான் கெட்டி. ஆனா மேசையில படுக்க வச்ச போன்ல ஆட்டோ அண்ணன் அடிக்கிற அடி விழுந்தா ஸ்கிரீன் யாருடையது? நடுவுல போன் கோல் வரும், வெரல் ஈரமா இருந்தா டச் வேல செய்யாது, எங்க குளிருல வெரல் எப்பவும் ஈரம்தான். வீட்ல ரெண்டு பேர் ஆடுறதுக்கு ஆப், பத்துப் பேர் கூடுற எடத்துக்கு கிளாக்.

டிஜிடி 3000 மாதிரி நெதர்லாந்து கிளாக் வாங்க வசதி இருந்தா அதுக்கே போங்க, பிடே அங்கீகாரம் உள்ளது, போட்டிகள்ல பாவிக்கிறது. வெல இதவிட பல மடங்கு, சலூன் பின் ரூமுக்கு அது தாங்காது. ஸ்கூல்ல செஸ் கிளப் நடத்துற டீச்சர்மாருக்கு நான் சொல்றது, ஒரு நல்ல கிளாக் வாங்குற சல்லிக்கு இது மூணு வாங்கி, நல்லா ஆடுற புள்ளைய கடைசி வாங்குல உள்ள புள்ளையோட 10க்கு 2ன்னு ஒக்கார வைங்க. கடையில வாங்குனா ரெண்டு பக்கமும் மெதுவா அமுத்திப் பாத்துட்டு வாங்குங்க, ஒன்லைன்னா போனஸ் தனித்தனியா வைக்கலாமான்னு செல்லர்கிட்ட மெசேஜ் போட்டு எழுத்துல பதில் எடுங்க.

அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கிறேன். ரெண்டையும் வெட்டுனது போனசுக்கும் லீவருக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இந்த மாதிரி லீவர் ஸ்பிரிங் மாத்தித் தர்ற ஆள் யாராவது தெரிஞ்சா கீழ சொல்லுங்க, மணிக்கூடு கடைல கேட்டா "இது எங்க வேல இல்ல"ன்னு திருப்பி அனுப்புறாங்க.